1882இல் ஒரு பெனால்டி

கத்தரின் எதையும் முதல் தடவையிலேயே நம்பியதில்லை. ஹோம்புஷில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கடைக்காரரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். ரயில் இரண்டு நிமிடத்தில் வரும் என்று பலகை சொன்னால், தண்டவாளம் வளைகிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். கணவர் எறிக் இதற்குப் பழகி முப்பது வருடமாகிறது. பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. "இவள் சொர்க்க வாசலிலயும் பேதுருவிட்ட அடையாள அட்டை கேப்பாள்" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார்.

வாரநாட்களில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. சனி, ஞாயிறுகளில் மேற்கு சிட்னி மைதானங்களில் உதைபந்தாட்ட நடுவர். ஐம்பத்து நான்கு வயதில் இன்னும் ஓடுகிறாள். மகள் மெலனி ஒன்பது வயதில் விளையாடப் போன ஒரு காலை, வரவேண்டிய நடுவர் வரவில்லை. யாராவது விசில் பிடியுங்கள் என்று கேட்டபோது மற்றப் பெற்றோர் எல்லாரும் கோப்பிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கத்தரின் கை நீட்டினாள். மகள் பந்தை மறந்து கல்யாணமும் கட்டிப் பிரிஸ்பேன் போய்விட்டாள். தாய் விசிலை விடவில்லை. பத்தொன்பது வருடம்.

அந்த வேலை அவளுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. பிறந்தது பேசாலையில். மன்னார்க் கரையில் உதைபந்தாட்டம் தெரியாத வீடு குறைவு. ஆண்கள் விளையாட, கோட்டுக்கு வெளியே நின்ற பெண்பிள்ளைகளுக்குப் பந்தைவிடச் சண்டைதான் தெளிவாகத் தெரியும். தள்ளியது யார், தானாக விழுந்து உருண்டது யார் என்று அவள் எட்டு வயதிலேயே சொல்லிவிடுவாள்.

ஆறு வருடங்களுக்கு முன் தமிழ்க் கழகங்களின் போட்டி ஒன்றில், பதினைந்து வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தில், முன்னணியில் நின்ற ஒருவனின் தாடையின் கீழே சவரம் செய்த காயத்தைக் கண்டாள். பிறந்த தேதி கேட்டாள். சரியாகச் சொன்னான். எந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கினாய் என்று கேட்டாள். அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். தம்பியின் அட்டையோடு வந்த பதினேழு வயதுக்காரன். அந்த அணியின் பொறுப்பாளர் அருந்தவன்.

"எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது," என்றான்.

சத்தியம் செய்கிறவனை அவள் இரண்டு மடங்கு சந்தேகிப்பாள். அறிக்கையில் அவன் பெயரையும் எழுதினாள். அவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதன்பின் இருவரும் கண்டால் தலையசைப்பதோடு சரி.

இந்த அருந்தவன்தான் பிறகு 'கடலலை விளையாட்டுக் கழக'த்தின் செயலாளர் ஆனான். தலைவர் வரதராஜன், ஓய்வு பெற்ற பொறியியலாளர். எதைத் தொடங்கினாலும் அதற்கு ஒரு நினைவுப் பலகை வேண்டும் என்று நினைக்கிறவர். 1880 ஆகஸ்டில் பரமட்டாவின் பொதுவெளியில் ஒரு ஆட்டம் நடந்தது. இந்த நாட்டில், சொக்கர் என்று இங்கே சொல்லப்படும் உதைபந்தாட்டத்தின் விதிகளின்படி நடந்த முதல் ஆட்டம் அதுதான் என்பார்கள். அதை நினைவுகூர்ந்து, அந்தக் காலத்து விதிகளின்படியே ஆகஸ்டில் ஒரு காட்சிப் போட்டி வைப்பது என்று கழகம் முடிவெடுத்தது.

"இதுதான் முதல் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் கத்தரின். வரதராஜன் அவளை நடுவராக அழைக்கப் போன் எடுத்திருந்தார்.

"எல்லாரும் சொல்லுறாங்கள், தங்கச்சி."

"தஸ்மேனியாவில அதுக்கு முன்னம் எண்டும் சொல்லுறாங்கள். குயின்ஸ்லாந்தில அதுக்கும் முன்னம் எண்டுறாங்கள். முதல் எண்டுறதெல்லாம் அடுத்தவன் பழைய பேப்பரைக் கிண்டும் மட்டும்தான் அண்ணை."

ஆனாலும் ஒத்துக்கொண்டாள். பழைய விதிகளைத் தெரியாமல் மைதானத்தில் இறங்க அவளால் முடியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வேலைக்குப் போகும் ரயிலில் அதையே படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குப் பிடித்துப்போனது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒவ்வொரு மாதிரி விளையாடிய காலம் அது. ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், இன்னோரிடத்தில் கூடாது. ஓரிடத்தில் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பது வீரம், இன்னோரிடத்தில் அநாகரிகம். 1863இல் லண்டன் மதுச்சாலை ஒன்றில் கழகக்காரர்கள் கூடி, ஆறு கூட்டம் வைத்து, பொதுவான விதிகளை எழுதினார்கள். காலில் உதைக்கும் உரிமையை விட மனமில்லாதவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த விதிகளில் நடுவர் என்று ஒருவர் இல்லை. தகராறு வந்தால் இரண்டு தலைவர்களும் பேசித் தீர்ப்பார்கள். கனவான்கள் ஏமாற்ற மாட்டார்கள் அல்லவா! பிறகு அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர் வந்தார்கள். கிரிக்கெட்டைப் போல, யாராவது முறையிட்டால்தான் அவர்கள் வாய் திறக்கலாம். அந்த இருவரும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்குக் கோட்டுக்கு வெளியே மணிக்கூட்டோடு மூன்றாமவர் ஒருவர் வந்தார். 1891இல்தான் அவரை உள்ளே கூப்பிட்டு அதிகாரம் கொடுத்தார்கள். பெனால்டி உதை வந்ததும் அதே வருடம். வேண்டுமென்றே தப்புச் செய்வோம் என்று எங்களை நினைக்கிறீர்களா என்று சில கனவான்கள் அதையும் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள்.

"எறிக், இங்க பாருங்கோ," என்றாள் கத்தரின். "ஆம்பிளையள் கள்ளம் செய்வாங்கள் எண்டு கண்டுபிடிக்க இவங்களுக்கு இருபத்தெட்டு வருசம் எடுத்திருக்கு."

எறிக் தோசையைப் பிய்த்தபடி, "எங்கட வீட்டில முதல் நாளே கண்டுபிடிச்சாச்சு," என்றார்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வரதராஜன் அவசரக் கூட்டம் கூட்டினார். ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. ஞாயிறு பூசை முடிந்து கத்தரின் நேரே அங்கே போனாள். பதினைந்து பேர் இருந்தார்கள். நடு மேசையில் துணி விரித்து, அதன்மேல் நீலத் தோலட்டை போட்ட ஒரு பழைய கொப்பி.

அருந்தவன் எழுந்து நின்றான். பரமட்டாவில் நடந்த ஒரு வீட்டுப் பொருள் ஏலத்தில், பழைய புத்தகக் கட்டு ஒன்றுக்குள் இது தனக்குக் கிடைத்ததாகச் சொன்னான். 1880 முதல் 1883 வரை விளையாடிய ஒருவரின் நாட்குறிப்பு. அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து வாசித்தான். அவன் குரல் கொஞ்சம் நடுங்கியது.

"கப்பல் சமையலறையிலிருந்து இறங்கிய சிலோன்காரன் ஒருவன் எங்களோடு சேர்ந்திருக்கிறான். பெயர் சவேரி முத்து. செருப்பில்லாத காலால் அவன் பந்தைக் கொண்டுபோவதைப் பார்த்தால் பந்துக்கு அவனை விட்டு வர மனமில்லை என்று தோன்றும்."

கை தட்டினார்கள். ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். சவேரிமுத்து! எங்கள் கரைப் பெயர்! நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு தமிழன் பந்தடித்திருக்கிறான்! மைதானத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்றை வைக்க மாநகர சபை யோசித்துக்கொண்டிருந்தது. அதில் சவேரிமுத்துவுக்கும் ஒரு வரி கேட்டு வெள்ளிக்கிழமை கடிதம் கொடுப்பதாக வரதராஜன் அறிவித்தார்.

கத்தரின் கை தட்டவில்லை. அவள் அருந்தவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏன் நடுங்குகிறான்?

"கொப்பியை ஒரு கிழமைக்குத் தாரும். வாசிச்சிட்டுத் தாறன்," என்றாள்.

"படம் எடுத்து வச்சிருக்கிறன் அக்கா. அதை அனுப்பிவிடட்டே?"

"படம் வேண்டாம். கொப்பிதான் வேணும்."

அவன் தயங்கினான். அந்தத் தயக்கத்தையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள். கடைசியில் வரதராஜன் சொன்னதால் துணியில் சுற்றிக் கொடுத்தான். "ஈரக் கையால தொடாதேங்கோ," என்றான்.

அன்று பின்னேரமே குசினி மேசையைத் துடைத்துக் காயவிட்டு, கொப்பியைத் திறந்தாள். சரிவான, அழகான கையெழுத்து. மழை, சேறு, பந்து வெடித்தது, ஒருவரின் மீசையில் இரத்தம். எழுதியவருக்கு நல்ல கை. வாசிக்கச் சுகமாக இருந்ததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. நாற்பதாவது பக்கத்தைத் தாண்டி, 1882 ஜூலை ஆட்டம் ஒன்றில், அவள் விரல் நின்றது.

"சவேரி முத்துவை அவர்கள் கோலுக்கு முன்னால் விழுத்தினார்கள். ரெஃப்ரி விசிலடித்துப் பெனால்டி கொடுத்தார்."

1882இல் பெனால்டி. பெனால்டி பிறக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

மூன்று முறை வாசித்தாள். பிறகு கொப்பியைத் தூக்கி, பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்தாள். முதல் பக்கத்துக்கு முன்னால், தையலை ஒட்டி, ஒரு விரற்கடை அகலத்தில் தாளின் அடி தெரிந்தது. அங்கே இருந்த ஒரு தாளை யாரோ கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய விளிம்பு வெள்ளையாக இருந்தது. பழைய வெட்டு என்றால் மற்ற விளிம்புகளைப் போலப் பழுத்திருக்க வேண்டும். இது புதிது.

தன் அறிவையும் அவள் நம்பவில்லை. புதன்கிழமை லீவு போட்டு, நகரத்தில் மாநில நூலகத்துக்குப் போனாள். நூலகர் காட்டிக்கொடுத்த பழைய பத்திரிகைகளில் புதிய விதி பற்றிய செய்தியைத் தேடி எடுத்தாள். 1891தான். கொப்பி சொன்ன 1882 ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு வரிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. வரும்போது ரயிலில், ஏமாற்றுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்த அந்தப் பழைய சூடு நெஞ்சில் ஏறியது. அது இனிமையான சூடு என்பதை அவள் பிற்பாடு எறிக்கிடம் ஒத்துக்கொண்டாள்.

கடிதம் கொடுப்பதற்கு முதல் நாள், வியாழன் பின்னேரம், அதே மேல்மாடியில் மீண்டும் கூடினார்கள். கத்தரின் கொப்பியை மேசையில் வைத்தாள்.

"பெனால்டி வந்தது 1891இல. இதில 1882இலயே அடிக்கிறாங்கள். இதை எழுதின ஆள் அந்தக் காலத்து ஆள் இல்லை."

வரதராஜன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"அதை விடுங்கோ. முதல் தாளை வெட்டினது ஆர்?"

எல்லாத் தலையும் அருந்தவன் பக்கம் திரும்பியது. அவள் பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவைப்படவில்லை.

"நான் வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது," என்றான் அவன்.

"அதுக்குச் சாட்சி?"

"நான்தான் சாட்சி."

"அந்த முறையும் நீர்தான் சாட்சி சொன்னனீர், அருந்தவன்."

அவன் முகம் கறுத்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தான். ஏலக்காரரின் ரசீது. "இதில நம்பர் இருக்கு. கேட்டுப் பாருங்கோ. நான் செயலாளர் வேலையை விடுறன்." படியிறங்கிப் போய்விட்டான். வரதராஜன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கண்ணைத் துடைத்த அன்ரி கத்தரினைப் பார்த்து, "உமக்கு ஒரு நல்லது நடந்தால் பிடிக்காது என்ன?" என்றார்.

வீட்டில் எறிக் வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"நீ கொப்பியைப் பாத்துச் சந்தேகப்பட்டனியோ, ஆளைப் பாத்தோ?"

"ரெண்டையும்தான்."

"முதல்ல எதை?"

அவள் கூட்டத்திலிருந்து கொண்டுவந்த ரசீதைக் கொப்பிக்குள் வைத்து மூடினாள். எறிக் மெல்லச் சொன்னார்: "தொண்ணூற்றாறில எங்கட அகதி விண்ணப்பத்தை விசாரிச்ச ஒபிசர் உன்ரை பிறப்புச் சேட்டிபிக்கட்டைத் தூக்கிப் பிடிச்சு என்ன கேட்டவன்? தாள் ஏன் இவ்வளவு புதுசா இருக்கெண்டுதானே கேட்டவன். இடம்பெயர்ந்து போய் எடுத்த பிரதி எண்டு நீ எத்தினை தரம் சொன்னனி? ரெண்டு வருசம் அலைய விட்டாங்கள். அந்த ஒபிசரை நீ இண்டைக்கும் மன்னிக்கேல்லை."

"அது வேற."

"ஓம், வேற," என்று சொல்லிவிட்டு அவர் இரவு வேலைக்குப் போனார்.

மறுநாள் ரசீதிலிருந்த எண்ணுக்கு அழைத்தாள். அருந்தவனைக் குற்றவாளியாக்க இன்னும் ஒரு சாட்சி கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது; அதை அவள் மறைக்கவில்லை. ஏலக்காரர் பெயர் தர மறுத்தார். ஆனால் செய்தியைச் சேர்ப்பிப்பதாகச் சொன்னார். நான்காம் நாள் ஒரு பெண் அழைத்தாள். நீலமலைப் பக்கம், ஸ்பிரிங்வுட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அங்கே இருக்கும் மார்கரெட் என்பவருடைய பொருட்கள்தான் அவை. அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், போனில் காது கேட்காது, வர முடியுமா?

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறினாள். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓட்டம். பென்ரித் தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கியதும் குளிர்ந்தது. மார்கரெட்டின் அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு கதிரை, யன்னலோரம் ஒரு செடி. அவர் கத்தரினின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே பேசினார். கத்தரின் கொப்பியை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஓ! இதை யாரோ வாசித்தார்களா?" என்றார் மார்கரெட். முகம் மலர்ந்தது.

"இதன் முதல் தாள் எங்கே?" என்று கத்தரின் நேரே கேட்டாள்.

மார்கரெட் தலையைத் திருப்பிச் சுவரைக் காட்டினார். கட்டிலுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், பழுத்த தாள் ஒன்று தொங்கியது. அதே சரிவான கையெழுத்து. கத்தரின் எழுந்து கிட்டப் போய் வாசித்தாள்.

"என் மார்கரெட்டுக்கு, காய்ச்சல் விடும்வரை வாசிக்க. இதில் பாதி நான் கண்டது. பாதி, கண்டிருக்க விரும்பியது. 1937."

அம்மாவின் அப்பா எழுதியது என்றார் மார்கரெட். தனக்கு அப்போது ஏழு வயது. மூன்று மாதம் படுக்கை. தினமும் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவாராம். வீட்டைக் காலி பண்ணி இங்கே வரும்போது எல்லாவற்றையும் கொண்டுவர முடியவில்லை. "என் பெயர் இருந்த தாளை மட்டும் விட மனம் வரவில்லை. அப்பிள் வெட்டும் கத்தியால் நானே வெட்டினேன். அலங்கோலமாக வெட்டிவிட்டேனா?"

"இல்லை," என்றாள் கத்தரின். "நேராகத்தான் வெட்டியிருக்கிறீர்கள்."

1880இல் அந்த மனிதருக்குப் பன்னிரண்டு வயது. விளையாடியவரல்லர், வேலியில் ஏறி நின்று பார்த்தவர். வளர்ந்து, கிழவராகி, தன்னையும் அணியில் சேர்த்து எழுதியிருக்கிறார். 1937இல் எழுதுகிறவருக்குப் பெனால்டி இல்லாத ஆட்டம் எப்படி நினைவில் இருக்கும்? பொய்க் கையெழுத்தும் இல்லை, மோசடியும் இல்லை. நோய்ப்பட்ட பிள்ளைக்குச் சொன்ன கதை.

"சவேரி முத்து?" என்று கேட்டாள். "அந்தச் சிலோன்காரர். அவர் கண்ட பாதியா, விரும்பிய பாதியா?"

மார்கரெட் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார். "நானும் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு செத்துப்போய்விட்டார்."

திரும்பி வரும் ரயிலில் அவளுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கொப்பியைப் பற்றி அவள் நினைத்தது சரி. ஆளைப் பற்றி நினைத்தது பிழை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். கேட்டவர்களுக்கு இரண்டாவதுதான் நினைவிருக்கும்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கவில்லை. பரமட்டாவில் இறங்கி வண்டி மாறி, பென்டில் ஹில்லில் அருந்தவன் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்தது அவன் மனைவி லக்சிகா. உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. உள்ளே திரும்பிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அருந்தவன் வந்து வாசற்படியில் நின்றான். கத்தரின் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்து, "நான் பிழையாக் கேட்டுட்டன். மன்னிச்சுக்கொள்ளும்," என்றாள்.

அவன் கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான்.

"எல்லாருக்கும் முன்னாலதானே அக்கா கேட்டனீங்கள்? மன்னிப்பை மட்டும் வாசலில வந்து கேக்கிறீங்கள்."

அவளுக்குச் சுருக்கென்றது. "சரி," என்றாள். "எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

"இன்னொண்டு. அந்தப் பெடியன்ரை அட்டை விசயம். அண்டைக்கும் எனக்குத் தெரியாது."

நம்ப வேண்டும் என்று கத்தரின் விரும்பினாள். அவன் கண்ணைப் பார்த்தாள். முழுதாக நம்ப முடியவில்லை. "ஓம்," என்று மட்டும் சொன்னாள். அவனுக்கும் அது புரிந்திருக்கும்.

போட்டி நாளன்று வெயிலும் காற்றும். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வந்தவர்களும் அப்படியே மைதானத்துக்கு வந்துவிட்டதால் நூற்றைம்பது பேருக்கு மேல். வரதராஜன் நீண்ட உரை எழுதி வைத்திருந்தார். அதற்குமுன் கத்தரின் ஒலிவாங்கியை வாங்கினாள். கை வியர்த்தது, இறுதியாட்டங்களில்கூட அப்படி வியர்த்ததில்லை.

"கொப்பி ஒரு கதை. அதை எழுதினவர் ஏமாத்த எழுதேல்லை. தாளை வெட்டினது அருந்தவன் இல்லை. நான் கூட்டத்தில அவரைக் குற்றம் சாட்டினது பிழை. இதை அண்டைக்கு இருந்த ஆக்களுக்கும் இல்லாத ஆக்களுக்கும் சொல்லுறன்."

கைதட்டல் இல்லை. இருமல் கேட்டது. கோட்டருகே பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த அருந்தவன் நிமிர்ந்து பார்க்காமல் முடிச்சைப் போட்டு முடித்தான். லக்சிகா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பழைய விதிப்படி இரண்டு அம்பயர்கள். ஒருத்தி கத்தரின். மற்றவர் கல்யாணசுந்தரம், கிரிக்கெட் அம்பயர். கையில் விசில் இல்லை, ஒரு சிறு தடி. கோலுக்கு மேலே மரச்சட்டம் இல்லை, ஒரு நாடா, வலையும் இல்லை. யாராவது முறையிட்டால்தான் பேசலாம். பத்தாம் நிமிடத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தைக் கையால் தட்டினார். கத்தரின் மிகத் தெளிவாகக் கண்டாள். ஒருவரும் முறையிடவில்லை. வாயை மூடிக்கொண்டு ஓடினாள். பத்தொன்பது வருடத்தில் அதைப்போன்ற ஒரு வேதனையை அவள் அனுபவித்ததில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது அருந்தவன் தூரத்திலிருந்து உதைத்தான். காற்றில் நாடா ஆடியது. பந்து அதற்குக் கீழே போனதா மேலே போனதா? முறையிட்டார்கள். கத்தரின் "கீழே, கோல்" என்றாள். கல்யாணசுந்தரம் "மேலே" என்றார். கோட்டுக்கு வெளியே மணிக்கூட்டோடு நின்ற மூன்றாமவரிடம் ஓடினார்கள். அது வரதராஜன். அவர் கையில் வடை இருந்தது. "நான் காணேல்லையே," என்றார்.

அப்போது அருந்தவனே கையைத் தூக்கினான். "மேலாலதான் போனது. விடுங்கோ."

எதிரணியினர் கை தட்டினார்கள். கத்தரின் தடியை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண்ணுக்குப் பந்து கீழேதான் போனது. ஊருக்குத் தான் நேர்மையானவன் என்று காட்டுவதற்காகவா சொன்னான்? இல்லை, உண்மையாகவே அப்படிக் கண்டானா? ஆட்டம் சமநிலையில் முடியும்வரை அவள் அதையே யோசித்துக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குப் போய் எறிக்கிடமும் கேட்டாள்.

"ரெண்டாவும் இருக்கலாம்," என்றார் எறிக்.

மாநகர சபையின் பலகை அக்டோபரில் வந்தது. அதில் சவேரிமுத்து இல்லை. கொப்பியைத் திருப்பிக் கொடுக்க அருந்தவன் தானே ஸ்பிரிங்வுட்டுக்குக் கார் ஓட்டிப் போனான். போனவன் மார்கரெட்டோடு மூன்று மணிநேரம் இருந்துவிட்டு வந்தானாம். செயலாளர் வேலையை அவன் மீண்டும் ஏற்கவில்லை. வரதராஜன் எவ்வளவு கேட்டும் மறுத்துவிட்டான்.

கத்தரின் இப்போது மாதத்தில் ஒரு புதன்கிழமை மாநில நூலகத்துக்குப் போகிறாள். 1880களின் பத்திரிகைகள், கப்பல் பணியாளர் பட்டியல்கள், அணி வரிசைகள் என்று தேடுகிறாள். சவேரிமுத்து இருந்தான் என்று நிறுவவா, இல்லை என்று நிறுவவா என்று கேட்டால், "தெரிஞ்சால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பாள். மார்ச் மாதத்தில் ஒருநாள் பக்கத்துக் கதிரையில் அருந்தவன் வந்து உட்கார்ந்தான். வணக்கம் சொல்லவில்லை. தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"1884. சேத்து மைதானத்தில நடந்த ஆட்டம். அணியில ஒரு ஆள், பேர் 'பெட்ரோ'. கப்பல் சமையல்காரன் எண்டு போட்டிருக்கு."

கத்தரின் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"பெட்ரோ எண்டால் போர்த்துக்கேயனாயும் இருக்கலாம். பிலிப்பைன்ஸ்காரனாயும் இருக்கலாம்."

"தமிழனாயும் இருக்கலாமே அக்கா. பெட்ரோவைத்தான் எங்கட கரையில பெத்துரு எண்டுறது. எத்தினை பெத்துரு?"

"இருக்கலாம். எழுதி வையும். பக்கத்தில கேள்விக்குறி போடும்."

அவன் போட்டான். அவள் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தாள். பிறகு இருவரும் அடுத்த வாரத்துப் பத்திரிகையைத் திறந்தார்கள்.